வேட்டிக் கரையில் ஏறிய பங்குனி ஆமை

எங்கள் நிழற்கூத்துக்கு வெட்டிய அட்டை ஆமையின் முன்துடுப்பு மூன்றாவது முறையாக அறுந்து விழுந்த இரவில்தான் இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அசையும் பாவையின் மூட்டைத் தையல் நூலில் கட்டாதீர்கள். தூண்டிலுக்குப் போடும் நைலான் நரம்பில் கட்டுங்கள். தையல் நூல் அட்டையின் ஓட்டை விளிம்பில் உரசி உரசி, நாலு ஒத்திகைக்குள் பஞ்சாகிவிடும்.

கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் சனி, ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பு அறை நடத்துகிறோம். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் செத்து ஒதுங்கியது பலருக்கு நினைவிருக்கும். ஆயிரத்துக்கும் மேல் என்று செய்திகளில் வந்தது. எங்கள் கரையிலும் கிடந்தன. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. ஆமைக்கு மீனைப்போல் செவுள் கிடையாது, மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவை வலைக்குள் சிக்கி மணிக்கணக்கில் அடியிலேயே இழுபட்டால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். பிள்ளைகள் தினம் அதைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போனார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள், "செத்த ஆமையைத்தான் பாத்திருக்கோம். உசிரோட ஏறுறதை ஒரு நாளும் பாக்கலையே?" ஆமை ஏறுவது நடுராத்திரியில். அந்த நேரத்தில் யார் பிள்ளையைக் கரைக்கு அனுப்புவார்கள்? சரி, கரையை இங்கே கொண்டுவருவோம் என்று ஆரம்பித்ததுதான் இந்தக் கூத்து.

முதலில் முகமூடி நாடகம் போடலாம் என்று நினைத்தோம். ஒரு நாள் யோசித்துவிட்டு விட்டுவிட்டோம். இந்த ஆமையின் கரைக்கதை முழுக்க இருட்டில் நடக்கிறது. தாய் ஏறுவதும் இருட்டில், குஞ்சுகள் மணலைப் பிளந்து வெளியே வருவதும் பெரும்பாலும் இருட்டில். இருட்டுக் கதைக்கு நிழல்தான் பொருத்தம்.

தமிழ்நாட்டின் தோல்பாவைக் கூத்தில் ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, இரண்டு பக்கமும் சாயம் தீட்டி, வெளிச்சம் ஊடுருவும்படி செய்வார்கள். வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் குடும்பங்களின் கைவேலை அது. பல தலைமுறைப் பழக்கம் உள்ள அந்தத் தோல்வேலையை இரண்டு மாதத்தில் நாங்கள் செய்ய முடியாது, செய்யவும் கூடாது என்று நினைத்தேன். அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது இரண்டு விஷயம்: பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடிப்பது, மூட்டுகளை முடிச்சில் தொங்கவிடுவது. மற்றபடி எங்கள் சாமான் எல்லாம் கடைத்தெருச் சாமான். கறுப்பு சார்ட் அட்டை, மைதாப் பசை, நீலக் கண்ணாடித்தாள், மூங்கில் சிம்பு, பழைய சைக்கிள் போக்ஸ் கம்பி, ஒரு எட்டு முழ வேட்டி.

திரையைப் பற்றி முதலில். வேட்டியை நீளவாக்கில் கட்டினால் பன்னிரண்டு அடி அகலமும் நாலடி உயரமும் வரும். மேல் கரையை மடித்துத் தைத்து, அதற்குள் மூங்கிலைச் செருகினோம். கீழ்க்கரை பச்சை. அதை மறைத்துவிடலாம் என்று நான் துணி தேடிக்கொண்டிருந்தபோது, "அதான் கரையாச்சே, அது மேலயே ஆமை ஏறட்டும்" என்றான் ஒரு பையன். அவன் சொன்னதுதான் கடைசிவரை நின்றது. வேட்டிக் கரையே கடற்கரை. இடதுபக்கம் நீலக் கண்ணாடித்தாளை அலை வடிவில் வெட்டி ஒட்டினோம். வலதுபக்கம் மணல்மேட்டுக்கு அட்டை, அதன்மேல் அடப்பங்கொடி. அந்த இலையின் நுனி இரண்டாகப் பிளந்து ஆட்டுக்குளம்பு மாதிரி இருக்கும். நிழலில் பார்த்த உடனே ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது.

இனி ஆமை. வளர்ந்த பங்குனி ஆமையின் ஓடு இரண்டடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். நாங்கள் அதில் பாதி அளவு எடுத்தோம். மூன்று சார்ட் அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, இரவு முழுக்கப் பாட்டையாவின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்து அழுத்தி, காலையில் வெட்டினோம். அட்டையை ஒட்டிய ஈரத்தோடு வெட்டினால் விளிம்பு நார்நாராகப் பிரியும். ஓட்டின் வரிகளைச் சின்ன உளியால் கீறித் திறந்து, உள்ளே பச்சையும் மஞ்சளும் கலந்த கண்ணாடித்தாள் வைத்தோம். கண்ணுக்கு ஒரு துளை. கண்ணுக்குக் கீழே இன்னொரு சின்னத் துளை. அது கண்ணீர். கரையேறும் ஆமை அழுவதுபோல் தெரியும். உடம்பில் சேர்ந்த உப்பைக் கண்ணோரச் சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் அந்தத் துளையை விட்டுவிட மனம் வரவில்லை.

துடுப்பில்தான் பெரிய பாடம். முதல் ஆமைக்கு இரண்டு முன்துடுப்பையும் ஒரே கம்பியில் கட்டியிருந்தேன். கம்பியை இழுத்தால் இரண்டும் சேர்ந்து முன்னே போய், சேர்ந்து பின்னே வரும். பார்க்க அழகாக இருந்தது. ஒத்திகை பார்க்க வந்த ஒரு தாத்தா, கட்டுமரக் காலத்து ஆள், கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து வந்து திரைக்குப் பின்னால் குனிந்தார்.

"கண்ணு, இது பங்குனி ஆமை இல்ல. ரெண்டு கையும் ஒண்ணா போட்டுத் தள்ளுறது பேராமை. பங்குனி ஆமை ஒத்தக்கை ஒத்தக்கையா போட்டு ஏறும். தடத்தப் பாத்தாலே தெரியுமே."

மணலில் விரலால் வரைந்தும் காட்டினார். பேராமைத் தடம் இரண்டு பக்கமும் நேருக்கு நேர். பங்குனி ஆமைத் தடம் மாற்றி மாற்றி, ஒரு பக்கக் குறி முன்னால், மறுபக்கக் குறி பின்னால். நான் அன்றே ஆமையைப் பிரித்தேன். இரண்டு துடுப்புக்கும் தனித்தனி போக்ஸ் கம்பி. உடல் மூங்கில் இடதுகையில், இரண்டு கம்பிகளும் வலதுகை விரல்களுக்கு நடுவே. சுட்டுவிரல் ஒரு துடுப்பு, மோதிரவிரல் மறு துடுப்பு. பிள்ளைகளுக்கு இது கைவர ஒரு வாரம் பிடித்தது. வந்த பிறகு பார்த்தால், பழைய ஆமை படகு மாதிரி சறுக்கியது, புதிய ஆமை பாரம் சுமந்து நடந்தது. ஒரு கை ஊன்றி, உடல் அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்து, நின்று, மறு கை ஊன்றி. நாற்பது கிலோ எடை அந்த அட்டைக்குள் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டு துடுப்பும் ஒரே தோள்பட்டையில் ஒன்றின்மேல் ஒன்று வருவதால் உரசிச் சிக்கும். நடுவில் சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி வாஷராக வைத்தால் சிக்காது. முடிச்சை இறுக்கிக் கட்டாமல் ஒரு நெல் கனத்துக்கு இடம் விட வேண்டும். நைலான் நரம்பு வழுக்கும், முடிச்சு அவிழும். ஆகவே நுனியைத் தீக்குச்சியில் காட்டி உருட்டிவிடுங்கள்.

வெளிச்சத்துக்கு முதலில் வீட்டில் இருந்த ஒன்பது வாட் எல்இடி பல்பை மாட்டினேன். ஆமையைத் திரையோடு ஒட்டிப் பிடிக்கும்வரை எல்லாம் சரி. பெரிதாகக் காட்ட அதைப் பின்னால் இழுத்தவுடன் துடுப்பு நுனி கரைந்து போயிற்று. காரணம் எளிது. பல்பின் பால்வெள்ளைத் தலை ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் அகலம். விளக்கு திரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் இருந்து, பாவை திரையிலிருந்து அரை மீட்டர் தள்ளி வந்தால், நிழலின் விளிம்பு மூன்று சென்டிமீட்டருக்குப் புகைந்துவிடும். துடுப்பின் அகலமே அவ்வளவுதான். பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் நிழற்பாவை ஆட்டும் கூத்துமாடங்களில் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றுகிறார்களே, அங்கே நிழல் எப்படித் துல்லியமாக விழுகிறது என்று எனக்கு வெகுநாள் கேள்வி. பாவை திரையை விட்டு விலகுவதே இல்லை, அதனால்தான். விளக்கு எவ்வளவு அகலமாக இருந்தாலும் ஒட்டிய பாவைக்குக் கவலை இல்லை.

எங்களுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. தாய் ஆமை திரையோடு ஒட்டி நடக்க வேண்டும். குஞ்சுகளைத் தூக்க வரும் காக்கை மட்டும் சின்னதாகத் தொடங்கித் திரையை அடைத்துக்கொண்டு வளர வேண்டும். ஆகவே ஒற்றை எல்இடி உள்ள டார்ச் ஒன்றை வாங்கி, முன்கண்ணாடியையும் உள்ளே இருக்கும் வெள்ளிக் கிண்ணத்தையும் கழற்றிவிட்டோம். மிச்சம் இருப்பது அரிசியளவு வெளிச்சப் புள்ளி. காக்கையை விளக்குக்கும் திரைக்கும் சரிபாதியில் பிடித்தால் இரண்டு மடங்கு. இன்னும் விளக்கை நோக்கிப் போனால் அலகு மட்டுமே திரை. அந்த இடத்தில் சின்னப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

கதைக்கு வசனம் அதிகம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். கதை சொல்லும் பெண் திரைக்கு வெளியே உட்கார்ந்து சொல்வாள். அகநானூற்றின் 160-ஆம் பாட்டில் இந்த ஆமை வருகிறது. அடும்புக்கொடி சிதைய மணலை இழுத்துச் சேர்த்து, வட்டு போன்ற முட்டைகளைத் தாய் புதைத்துவிட்டுப் போக, குஞ்சு பொரிக்கும்வரை ஆண் ஆமை காவல் காக்கிறது. அந்த அடும்புதான் எங்கள் அடப்பங்கொடி என்று சொன்னதும் பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம், தினம் மிதித்துப் போகிற கொடி அல்லவா. ஆனால் காவல் விஷயத்தில் சிக்கல் வந்தது. ஆண் ஆமை கரைக்கே வராது, பொரித்து ஒருமுறை கடலுக்குள் போனால் போனதுதான் என்று தாத்தா உறுதியாகச் சொன்னார். உண்மையும் அதுதான். தாயும் முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறது. அப்படியானால் பாட்டை விட்டுவிடுவதா? எனக்கு மனமில்லை. கடைசியில், கதை சொல்லும் பெண் பாட்டின் காவலைச் சொல்லிவிட்டு, "அது புலவர் பாத்த கரை. இப்ப யாரு காவல்?" என்று கேட்பதாக வைத்தோம். அந்த இடத்தில் திரையில் ஒரு மனித நிழல் வரும், தோளில் பை, கையில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிய டார்ச். சென்னைக் கரையில் 1988-இலிருந்து மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து வருகிறார்கள். ஒரு குழியில் நூறு, நூற்றிருபது முட்டை இருக்கும். நாய்க்கும் நரிக்கும் தப்ப அதை இடம் மாற்றுகிறார்கள். பாட்டில் ஆண் ஆமை நின்ற இடத்தில் எங்கள் கூத்தில் அந்த நிழல் நின்றது. இது பொருத்தம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

எனக்கு மிகப் பிடித்த காட்சி அதற்கு முன்னால் வருவது. முட்டையிட்டு முடித்ததும் ஆமை பின்துடுப்பால் மணலைத் தள்ளிக் குழியை மூடுகிறது. மூடிவிட்டுப் போய்விடுவதில்லை. குழியின்மேல் நின்றுகொண்டு இடமும் வலமும் மாறி மாறிச் சாய்ந்து, ஓட்டின் அடிப்பாகத்தால் மணலை அடித்துக் கெட்டிப்படுத்துகிறது. தொப், தொப். தொப், தொப். பக்கத்தில் நின்றால் காலுக்குக் கீழே அதிர்வதை உணரலாம் என்பார்கள். உலகத்தில் இப்படி ஆடுவது பங்குனி ஆமையும் மெக்சிகோ வளைகுடாவில் இருக்கும் அதன் நெருங்கிய சொந்தமும்தான். கூத்துக்கென்றே இயற்கை எழுதி வைத்த காட்சி. நாங்கள் சேர்க்க ஒன்றும் இல்லை, கெடுக்காமல் இருந்தால் போதும்.

உடல் மூங்கிலை ஆமையின் நடுவில் கட்டியிருந்ததால் சாய்க்கும்போது முழு ஆமையும் சக்கரம்போல் சுழன்றது. மூங்கிலை வயிற்று விளிம்புக்கு இறக்கிக் கட்டினோம். இப்போது மணிக்கட்டைத் திருப்பினால் ஓடு மட்டும் தூக்கி இறங்கும். சத்தத்துக்கு அலுமினிய அன்னக்கூடையில் ஈர மணல் நிரப்பி, முழுக் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து அடித்துப் பார்த்தோம். காய்ந்த மணல் சொரசொரவென்று ஒலித்தது, ஈர மணல்தான் தொப்பென்றது. கூடையைத் தரையில் வைத்தால் சத்தம் செத்துவிடும். பலகைமேல் வைத்தபோது முன்வரிசைப் பிள்ளைகளின் உட்காருமிடம் வரை அதிர்ந்தது. தாளத்தை ஒரே சீராக வைக்காதீர்கள். ஆமைக்குக் களைப்பு உண்டு. எட்டு அடி, ஒரு ஓய்வு, ஆறு அடி, நீண்ட ஓய்வு, நாலு அடி. அடிக்கிற பையன் ஆமையை ஆட்டுகிற பெண்ணின் தோளைப் பார்த்துத்தான் அடித்தான். தோள் இறங்கும்போது கொட்டாங்குச்சி இறங்கும்.

அலைக்கு முறம். வெந்தயமும் காகிதமும் அரைத்துப் பூசிய பழைய முறத்தில் இரண்டு கைப்பிடி கேழ்வரகு போட்டு மெல்லச் சாய்த்தால் அலை கரைக்கு வந்து மடிந்து திரும்பும் சத்தம் அப்படியே வரும். தகர முறம் ஆகாது, மழைச் சத்தம் வரும்.

குஞ்சுகளுக்கு வருகிறேன். ஒரு குஞ்சு கட்டைவிரல் நீளம். பன்னிரண்டு குஞ்சுகளை வெட்டி, ஒவ்வொன்றையும் ஓர் ஈர்க்குச்சியின் மெல்லிய நுனியில் ஒட்டினோம். தெர்மாகோலில் செருகிப் பார்த்தோம், இரண்டு நாளில் ஓட்டைகள் பெரிதாகி எல்லாம் தலை சாய்ந்தன. ஜாவாவின் நிழற்கூத்தில் பாவைகளை வாழைத்தண்டில் குத்தி நிறுத்துவார்கள். அது நினைவுக்கு வந்து, கொல்லையில் வெட்டிப்போட்டிருந்த வாழையில் ஒரு முழம் எடுத்து வந்தோம். கச்சிதம். ஈர்க்குச்சிகளை வேண்டுமென்றே வேறுவேறு நீளத்தில் வெட்டியிருந்ததால், தண்டை லேசாக உலுக்கினால் ஒவ்வொரு குஞ்சும் தனக்கென்று ஒரு வேகத்தில் துடிக்கும். குட்டை குச்சி படபடவென்று, நெட்டை குச்சி நிதானமாக. ஒரே ஆள் பன்னிரண்டு உயிர்களை ஆட்டலாம். வாழைத்தண்டு மூன்றாம் நாள் அழுகத் தொடங்கும், ஒவ்வொரு காட்சிக்கும் புதுசு வேண்டும்.

குஞ்சுக்கு வழிகாட்டுவது வெளிச்சம். மணலுக்கு மேலே வந்ததும் எந்தப் பக்கம் தாழ்வாகவும் வெளுப்பாகவும் தெரிகிறதோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கையாக அது கடல்தான், வானத்து வெளிச்சம் தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற இடம். கரையில் தெருவிளக்கு எரிந்தால் குஞ்சு ஊரை நோக்கி ஓடிவிடும். இதைக் காட்ட அட்டையில் ஒரு விளக்குக்கம்பம் வெட்டி, மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்டி, குஞ்சுகளை அதன் பக்கம் திருப்பினோம். ஒத்திகை பார்த்த பிள்ளைகள் "ஏன் திரும்பிப் போவுது?" என்று கேட்டார்கள். கம்பம் வெறும் கம்பமாக நின்றது. அது யாரையும் உறுத்தவில்லை.

விடை தானாக வந்தது. ஒரு நாள் ஒத்திகை நீண்டுபோய் ஆறரை தாண்டிவிட்டது. குஞ்சுகள் நீலத்தாளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது வாசலுக்கு எதிரே இருந்த தெருவிளக்கு எரிந்தது. திரைக்கு முன்பக்கம் வெளிச்சம் பட்டவுடன் நிழல் அத்தனையும் அழிந்துபோயிற்று. குஞ்சு இல்லை, அலை இல்லை, வெறும் வெள்ளை வேட்டி. நான் கதவைச் சாத்த ஓடினேன். உள்ளே பார்த்துக்கொண்டிருந்த ஒரு குட்டிப்பெண் எழுந்து நின்று கத்தினாள், "லைட்ட அணைங்க, குஞ்சு செத்துடும்!"

கதவைச் சாத்தாமல் அப்படியே நின்றேன். அட்டைக் கம்பத்தை அன்றே எடுத்துவிட்டோம். பார்ப்பவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய எல்இடி விளக்கை வைத்தோம், சுவிட்ச் கதை சொல்லும் பெண்ணின் கையில். குஞ்சுகள் பாதி வழி போகும்போது அவள் ஒன்றும் சொல்லாமல் அதைப் போடுவாள். குஞ்சுகள் மறையும். பார்க்கிறவர்களின் சொந்த நிழல் திரையில் விழும். யாராவது அணைக்கச் சொல்லும்வரை அவள் காத்திருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

பங்குனி பிறந்து இரண்டாவது சனிக்கிழமை கூத்து. வலை பின்னும் கொட்டகையில், நூறு பேருக்குக் குறையாமல். எதிர்பாராத சிக்கல் கடற்காற்று. வேட்டி பாய்மரம்போல் புடைத்துக்கொண்டு, ஒட்டியிருந்த ஆமை திரையை விட்டு விலகியது. கீழ்க்கரையிலும் மூங்கில் செருகி, இரண்டு முனையிலும் தண்ணீர் நிரப்பிய ஐந்து லிட்டர் கேனைத் தொங்கவிட்டு, கொட்டகையின் கடல்பக்கம் ஒரு பழைய தார்ப்பாயை இறக்கிய பிறகு அடங்கியது. ஆரம்பிக்க அரை மணி தாமதம். யாரும் எழுந்து போகவில்லை.

ஆமை ஆடும்போது பின்வரிசையில் மீன் விற்கும் அக்காமார் சிலர் தொடையில் தாளம் போட்டது திரைக்குப் பின்னால் எங்களுக்கே கேட்டது. குஞ்சுகள் மறைந்தபோது முதலில் ஒரு அமைதி. நாலைந்து மூச்சு நேரம். பிள்ளைகள்தான் கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். எழுந்த குரல் தாத்தாவுடையது.

"அணைம்மா அத."

அணைத்தாள். பன்னிரண்டு குஞ்சும் விட்ட இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தன. வாழைத்தண்டைப் பிடித்திருந்த பையன் அந்த நேரமெல்லாம் உலுக்குவதை நிறுத்தவில்லை. யாருக்கும் தெரியாத இருட்டில்கூட.

அடுத்த ஆண்டுக்கு மாற்ற வேண்டியவை சில உண்டு. ஆமையின் கழுத்துக்குத் தனி மூட்டு வேண்டும். கரையேறிக் களைத்து, தலையைத் தூக்கி மூச்சு வாங்கும் அந்த அசைவு எங்களிடம் இல்லை. கண்ணாடித்தாளின் நீலம் ஒரே மாதத்தில் வெளுத்துவிட்டது, சாயம் தோய்த்த மல்துணி போட்டுப் பார்க்கலாம். காக்கையை இரண்டு பேர் ஆட்டினால் சிறகு இன்னும் விரியும். பாவைகளைப் பாயில் சுருட்டாதீர்கள், அட்டை வளைந்துகொள்ளும். இரண்டு பலகைக்கு நடுவே வேப்பிலையோடு தட்டையாக வைத்திருக்கிறோம். வேட்டியைத் துவைத்து மடித்தாயிற்று. முறத்தை மட்டும் சொந்தக்காரப் பாட்டி கேழ்வரகோடு திரும்ப வாங்கிக்கொண்டார்.